பிஸ்கெட் வைத்த நாற்காலி

"அம்மா, ஆயா விழுந்துட்டாங்க!" என்று என் மகன் கத்தியபோது நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து பார்த்தால், சாப்பாட்டு மேஜை நாற்காலியின் கால் ஒன்று தனியே கிடக்கிறது. அத்தை தரையில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. 72 வயதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால்? இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

வாங்கி ஒன்றரை வருஷம்தான். பளபளவென்று பாலிஷ், ஓர் ஆணிகூடக் கண்ணில் படாது. அதில்தான் நான் மயங்கிப் போனேன்.

தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் தச்சரை அழைத்துக் காட்டினேன். கால் கழன்ற இடத்தில் நீள்வட்டமாய் ஒரு மெல்லிய மரத்துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. "இதுக்குப் பேரு பிஸ்கெட்மா" என்றார். "மேரி பிஸ்கெட்டா?" என்றான் என் பிள்ளை.

விஷயம் இதுதான். இரண்டு மரத்திலும் மெஷினால் பிறை மாதிரி பள்ளம் வெட்டி, பசை தடவி, இந்தத் துண்டைச் செருகி இறுக்கி வைக்கிறார்கள். அழுத்தித் தயாரித்த பீச் மரம் அது. பசையின் ஈரம் பட்டதும் உப்பிப் பள்ளத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் ஸ்டெய்னர் என்ற தச்சர் கண்டுபிடித்தாராம். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் முன்னதாகவே உப்பிவிடும் என்று, தச்சர் அதை மூடி போட்ட டப்பாவில்தான் வைத்திருக்கிறார். நம் வீட்டு பிஸ்கெட் மாதிரியேதான், போங்கள்!

"பிஸ்கெட் மேல தப்பில்லம்மா, வச்ச இடம்தான் தப்பு" என்றார். மேஜைப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டும்போது ஏற்றத்தாழ்வு வராமல் பிடிக்க இது அருமையான வழியாம். அலமாரிச் சட்டத்துக்கும் போதும். ஆனால் நாற்காலிக் காலில், பின்னால் சாயும்போதெல்லாம் மூட்டு முறுக்கப்படுகிறது. பிஸ்கெட்டோ ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம்கூட இறங்குவதில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் என் தங்கையிடம் சொன்னேன். "நாங்களும் சொல்யூஷன் தடவி ஒட்டுவோம்க்கா, துண்டு நகராம இருக்க. அப்புறம் மெஷின்ல தைச்சாதான் தாங்கும்" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது.

தச்சர் ஒரு கட்டையில் உளியால் துளை எடுத்தார். மற்றதில் ஒன்றேகால் அங்குலத்துக்கு நாக்கு விட்டு இழைத்து, பசையோடு அடித்து இறக்கினார். குறுக்கே ஒரு மர ஆணியும் வைத்தார். இதற்கு நேரம் பிடிக்கிறது, கூலியும் கூடத்தான். வட்டக்குச்சி செருகும் முறை இரண்டுக்கும் நடுவில். துளைகள் இம்மி பிசகினாலும் சேராது. பழைய காலத்து மேஜை டிராயரின் மூலையைப் பாருங்கள், புறா வால் மாதிரி கோத்திருக்கும். எத்தனை இழுத்தாலும் பிரியாது.

கைக்குழந்தைக்குக் கட்டில் வாங்கப் போகிறவர்களே, பாலிஷைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். காலும் சட்டமும் சேரும் இடத்தில் "நாக்கு வெட்டினதா, போல்ட்டா, பிஸ்கெட்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஆட்டியும் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஆறு நாற்காலியையும் பிரித்துச் செய்தாயிற்று. அத்தை மட்டும் இன்னமும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.