பசியாறலும் கள்ளுக்கடையும்

சிம்பாங் ரெங்கம் போன்ற ஜொகூர் தோட்டப்புற ஊர்களில் காலைப் பசியாறல் என்றாலே பலருக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும்தான். கோதுமை விளையாத நாட்டில் ரொட்டி! கறவை மாடுகள் குறைந்த நாட்டில் பால் தேநீர்! கெட்டுப்போகாத டின் பால் வெள்ளையர் ஆட்சியில் கப்பலேறி வந்தது. அதைத் தேநீரில் கலந்து ஆற்றிக் கொடுத்தவர்கள் தமிழ் முஸ்லிம் ஒட்டுக்கடைக்காரர்கள். 2024-இல் மலேசியரின் பசியாறல் பண்பாட்டை யுனெஸ்கோவே மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அதே வரலாறு தந்த இன்னொரு பானத்துக்கு அந்தப் பெருமை இல்லை. பால்மரம் வெட்ட ஆள் கொண்டுவந்த துரைமார், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையையும் வைத்தார்கள். கள் தமிழனுக்குப் புதிதா என்று சிலர் கேட்பதுண்டு. புதிதல்லதான். ஆனால் லயத்தை விட்டால் போக்கிடம் இல்லாதவனுக்குச் சம்பள நாளன்று கைக்கெட்டும் தூரத்தில் கடை இருந்தால், கூலி எப்படி வீடு வந்து சேரும்?

பாட்டாளிகள் இதை உணராமல் இல்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. 1947-இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகவே மறியலில் இறங்கினார்கள்.