கிடங்குக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குமுன் ஒரு சிறு கணக்கு

கோடை தொடங்கியதும் நம் வணிக நண்பர்கள் பலர் எலக்ட்ரிக்கல் கடைக்குச் சென்று கேட்பது ஒரே கேள்விதான்: “ஒன்பது இஞ்ச் என்ன விலை, பன்னிரண்டு இஞ்ச் என்ன விலை?” இறக்கையின் அளவையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கி, கதவுக்கு மேல் இருக்கும் ஓட்டையில் மாட்டிவிடுகிறோம். விசிறி சத்தத்தோடு ஓடுகிறது. அறையின் சூடு மட்டும் அப்படியே இருக்கிறது. அரிசி வாங்கும்போது கையில் எடுத்துப் பார்த்து, எடை பார்த்து வாங்கும் நாம், விசிறி விஷயத்திலும் ஒரு கணக்குப் பார்த்து வாங்கினால் இந்தச் செலவு வீணாகாது.

முன்பெல்லாம் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் மூட்டைகள் மட்டும் இருந்தன. இன்று சிறிய மளிகைக் கடையில்கூட ஐஸ்கிரீமுக்கு ஒரு ஃப்ரீசர், பால் தயிருக்கு ஒரு பெட்டி என்று வந்துவிட்டன. இவை உள்ளே இருக்கும் பொருளைக் குளிர வைக்கின்றன. ஆனால் அந்தச் சூட்டையும், தாம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையும் சேர்த்து அறைக்குள்ளேயே வெப்பமாகக் கொட்டுகின்றன. அறை சூடேறினால் கம்ப்ரஸர் இன்னும் அதிக நேரம் ஓடும். அதனால் அறை மேலும் சூடேறும். மின் கட்டணமும் கூடும், பெட்டியின் ஆயுளும் குறையும். அதே அறையில் உள்ள சாக்லேட்டும் வனஸ்பதியும் இளகும். வெங்காயம் எடை இழக்கும்; காற்றோட்டம் இல்லாவிட்டால் அழுகும். மூட்டைக்கு 2 கிலோ குறைந்தாலும் 20 மூட்டைக்கு 40 கிலோ போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறையில்தான் நம் பையன்கள் நாள் முழுவதும் நின்று பொட்டலம் போடுகிறார்கள்.

விசிறி எதைச் செய்யும், எதைச் செய்யாது

எக்ஸாஸ்ட் ஃபேன் குளிரூட்டும் கருவி அல்ல. உள்ளே இருக்கும் சூடான காற்றை வெளியே தள்ளி, வெளிக்காற்றுக்கு இடம் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே அறையை வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது. வெளியே 38 டிகிரி இருந்தால் உள்ளே 38-க்குக் கீழே கொண்டுவர எந்த விசிறியாலும் ஆகாது. ஆனால் 46 டிகிரிக்கு ஏறி நிற்கும் அறையை 41-க்கு இறக்கலாம். அந்த ஐந்து டிகிரியே ஃப்ரீசருக்கும் சரக்குக்கும் பெரிய வித்தியாசம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

முதலில் அறையில் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஃப்ரீசர் நாளைக்கு 6 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 யூனிட் என்பது 6000 வாட் மணி. அதை 24 மணியால் வகுத்தால் சராசரி 250 வாட். இரண்டு ஃப்ரீசருக்கு 500 வாட். உள்ளே வேலை செய்யும் ஆள் ஒருவருக்குச் சுமார் 100 வாட், விளக்குகளுக்கு 40 வாட். ஆக மொத்தம் 640 வாட்.

இனி ஒரு சுலபமான சூத்திரம். மொத்த வாட்டை 3-ஆல் பெருக்கி, வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி வரை கூடுதலாக இருக்கலாம் என்று நினைக்கிறோமோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். கிடைப்பது, ஒரு மணி நேரத்துக்கு வெளியேற வேண்டிய காற்றின் கனமீட்டர் அளவு. 3 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால், 640 x 3 = 1920; அதை 3-ஆல் வகுத்தால் 640 கனமீட்டர். வலை, மூடி, தூசி ஆகியவை காற்றைத் தடுக்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 800 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

விசிறியின் பெட்டியில் இந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் சி.எஃப்.எம். என்று, அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கனமீட்டர் என்று வந்துவிடும். ஒரே இறக்கை அளவுள்ள இரண்டு விசிறிகள் ஒரே அளவு காற்றைத் தள்ளுவதில்லை. மோட்டாரின் வேகமும் இறக்கையின் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே இஞ்சைக் கேட்பதை விட்டு, “மணிக்கு எத்தனை கனமீட்டர்?” என்று கேளுங்கள்.

கூரை தகரமாகவோ ஆஸ்பெஸ்டாஸாகவோ இருந்தால் மேலே சொன்ன கணக்கு மட்டும் போதாது. நண்பகலில் கூரையிலிருந்து இறங்கும் சூடு இரண்டு ஃப்ரீசரின் சூட்டையும் மிஞ்சிவிடக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய விசிறி வாங்குவதற்கு முன், கூரைக்கு மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பதே முதல் வேலை.

காற்று வரும் வழி

பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். காற்று வெளியேற வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் அது சும்மா சுற்றுமே தவிரக் காற்றைத் தள்ளாது. 800 கனமீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று சதுர அடி வரை திறப்பு வேண்டும். எலிக்கு வழி விடாமல் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடிக்க வேண்டும். வலை அடித்தால் திறப்பைச் சற்றுப் பெரிதாகவே விடுங்கள்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். அறையைச் சாத்தி விசிறியைப் போட்டு, திறப்பின் அருகில் ஓர் ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை உள்பக்கம் இழுக்கப்பட வேண்டும். பிறகு கதவைத் திறந்து பாருங்கள். விசிறியின் சத்தம் மாறினால் காற்று வரும் வழி போதவில்லை என்று பொருள்.

எங்கே மாட்டுவது?

சூடான காற்று மேலே நிற்கும். ஆகவே விசிறி கூரையை ஒட்டிய உயரத்தில் இருக்க வேண்டும். காற்று வரும் திறப்பு அதற்கு எதிர்ச் சுவரில், தாழ்வாக, கூடுமானவரை நிழல் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடையில் விசிறியைக் கதவுக்கு நேர் மேலே வைத்திருந்தார்கள். கதவு வழியாக வந்த காற்று அப்படியே மேலேறி வெளியே போயிற்று. எதிர் மூலையில் இருந்த வெங்காய மூட்டைகளை அது தொடவே இல்லை. எதிர்ச் சுவரில் துளை போட்டு மாற்றிய பிறகு அதே விசிறி, அதே மின்சாரத்தில், அறை முழுவதும் காற்றோட்டம் கொடுத்தது. ஃப்ரீசரைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைப்பதும், மூட்டைகளைக் கட்டைகளின் மேல் அடுக்குவதும் இதோடு சேர்ந்த வேலைகள்.

சுவர் வெளியே திறக்காமல் நீண்ட குழாய் வழியாகத்தான் காற்றைக் கொண்டுபோக வேண்டும் என்றால், சாதாரண இறக்கை விசிறி உதவாது. அதற்குக் குழாயில் பொருத்தும் புளோயர்தான் வேண்டும்.

எப்போது ஓட்டுவது?

நாள் முழுவதும் ஓட விடுவது தேவையில்லை. வெளியே உள்ளதைவிட உள்ளே சூடு அதிகமாக இருக்கும்போது மட்டும் ஓட்டினால் போதும். ஃப்ரீசர் இல்லாத வெறும் சரக்குக் கிடங்கானால், கொளுத்தும் வெயிலில் நிறுத்தி வைத்து, மாலைக்குப் பிறகும் விடியற்காலையிலும் ஓட்டுவதே நல்லது.

மழைக் காலத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஈரக் காற்றை உள்ளே இழுத்தால் மிளகாய், மல்லி, பருப்பு, வெல்லம், சர்க்கரை எல்லாம் ஈரம் வாங்கும். உப்பு மூட்டை கசியத் தொடங்கினால் விசிறியை நிறுத்திவிடுங்கள். அதைவிட நம்பகமான கருவி வேண்டாம். வெங்காயத்துக்கு 25 முதல் 30 டிகிரி சூடும், 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. வெங்காயம் உயிருள்ள சரக்கு. மூட்டைக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் தானும் சூட்டையும் ஈரத்தையும் வெளிவிடும். எனவே அதற்குக் காற்றோட்டம் எப்போதும் வேண்டும். முடிந்தால் வெங்காயத்தையும் ஃப்ரீசரையும் ஓர் அறையிலும், உலர் சரக்கை வேறு அறையிலும் வைப்பது சிறந்தது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, பால் பேரிங், நின்றதும் தானே மூடிக்கொள்ளும் மூடி ஆகியவற்றைப் பாருங்கள். அந்த மூடி மழையையும் எலியையும் தடுக்கும். மிளகாய்த் தூளும் மாவும் மோட்டாரில் படியும். மாதம் ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துடைக்க வேண்டும்.

செலவைப் பார்த்துத் தயங்கும் நண்பர்களுக்கு ஒன்று. 40 வாட் விசிறி நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 12 யூனிட்தான். உங்கள் வணிக இணைப்புக் கட்டணத்தால் அதைப் பெருக்கி, போன கோடையில் நீங்கள் அள்ளிக் கொட்டிய வெங்காயத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாடாவால் அறையை அளந்து, மீட்டர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு விசிறிக் கடைக்குப் போங்கள்.