காணாமல் ஆக்கப்படும் மனிதர்கள்: உலக நாடுகள் செய்ய வேண்டியது என்ன?

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில், சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகன மேடை கட்டுவதற்காக 2025 பிப்ரவரியில் மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. அதன் பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. செப்டம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்துவிட்டன. அவற்றில் சில குழந்தைகளுடையவை. நீல நிறப் பள்ளிப் பை, பொம்மை, வளையல், பால் போத்தல் ஆகியவையும் கிடைத்தன. மீட்கப்பட்ட ஆடைகளையும் பொருள்களையும் ஆகஸ்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வந்து, தம் பிள்ளையின் சட்டை இதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

செம்மணி நேற்று வெளிவந்த ரகசியம் அல்ல. பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசாமி 1996-இல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற ராணுவ வீரர் ஒருவர், 300 முதல் 400 பேர் வரை அங்கே புதைக்கப்பட்டிருப்பதாக 1998-இல் நீதிமன்றத்திலேயே சொன்னார். மறு ஆண்டு நடந்த அகழ்வில் 15 உடல்கள் மீட்கப்பட்டன. பிறகு விசாரணை முடங்கிப்போனது. மனிதர்களைக் காணாமல் ஆக்கும் குற்றத்தை உள்நாட்டு அமைப்புகளின் பொறுப்பில் மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எது இந்தக் குற்றம்?

ஒருவரை அரசின் ஆட்களோ, அரசின் ஆதரவோடு அல்லது கண்டும் காணாத போக்கோடு செயல்படுபவர்களோ பிடித்துச் செல்வது. பிடித்ததையே மறுப்பது அல்லது அவர் இருக்கும் இடத்தை மறைப்பது. அதன் மூலம் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு எட்டாமல் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வலிந்து காணாமல் ஆக்குதல். திட்டமிட்டோ பரவலாகவோ நடந்தால் இது மானுடத்துக்கு எதிரான குற்றம்.

கொலை ஒரு நாளில் முடிந்துவிடும் குற்றம். இதுவோ, அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியும்வரை ஒவ்வொரு நாளும் தொடரும் குற்றம் என்று சட்டம் கருதுகிறது. கணவர் இல்லை என்றும் சொல்ல முடியாமல், இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல், காணியை மாற்றவும் வங்கிக் கணக்கைத் தொடவும் வழியின்றி நிற்கும் பெண்ணும் இதில் பாதிக்கப்பட்டவரே.

ஐ.நா. உடன்படிக்கை

இந்தக் குற்றத்துக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 20 அன்று ஏற்றது. 2010 டிசம்பர் 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. போர், உள்நாட்டுக் கலவரம், அவசரநிலை என எந்தக் காரணத்தைச் சொல்லியும் ஒருவரைக் காணாமல் ஆக்க முடியாது என்பது அதன் முதல் விதி. மேலதிகாரி உத்தரவிட்டார் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. ரகசியத் தடுப்புக்காவல் கூடாது. தடுத்து வைக்கப்பட்டிருப்பவர்களின் பதிவேடு இருந்தாக வேண்டும். உண்மையை அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. சந்தேக நபர் தன் மண்ணில் இருந்தால் உறுப்பு நாடு அவரை விசாரிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும்.

உடன்படிக்கையைக் கண்காணிக்கும் பத்து நிபுணர்கள் குழுவிடம், ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டவுடன் குடும்பத்தினர் அவசர முறையீடு செய்யலாம். ஆனால், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே அந்தக் குழு எடுத்துக்கொள்ளும். ஐ.நா. உறுப்பு நாடுகள் 193-இல் பாதிகூட இன்னும் இதில் இணையவில்லை.

இலங்கை: சட்டம் உண்டு, விடை இல்லை

இலங்கை 2016 மே மாதம் இந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. 2018-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. காணாமல் போனோர் அலுவலகம் 2016-இன் சட்டப்படி அமைந்தது. ஆனால், அதன் கண்டறிதல்கள் எவர் மீதும் குற்றவியல் பொறுப்பையோ சிவில் பொறுப்பையோ சுமத்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

பாதிப்பு ஓர் இனத்தோடு நிற்கவில்லை. 1980-களின் இறுதியில் இடதுசாரிக் கட்சியான ஜேவிபியின் கிளர்ச்சியை அரசு அடக்கியபோது தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். கேலிச்சித்திரக்காரரும் பத்தியாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமல் ஆக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா இன்றும் நீதி கேட்டு நிற்கிறார். வடக்கு, கிழக்கில் 2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்த நாள்களில், முல்லைத்தீவில் குடும்பத்தினரின் கண்முன்னே ராணுவத்திடம் சரணடைந்தவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழுவில் தீர்வின்றிக் கிடக்கும் முறைப்பாடுகளின் எண்ணிக்கையில், ஈராக்கை அடுத்து இலங்கைதான் இருந்துவருகிறது.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாலையோரப் பந்தலில் போராட உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்று போராட்டம் பரவியது. “இழப்பீடு வேண்டாம், எங்கள் பிள்ளைகள் எங்கே என்று சொல்லுங்கள்” என்பதே அவர்களின் கோரிக்கை. பந்தலில் இருந்த பெற்றோர் பலர் விடை தெரியாமலேயே இறந்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து வரும் அழுத்தம்

கொழும்புப் பகுதியில் 2008-09-இல் பதினொரு இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டைத் தொடரப்போவதில்லை என்று 2021-இல் சட்டமா அதிபர் (அட்டர்னி ஜெனரல்) தரப்பு நீதிமன்றத்தில் தெரிவித்தது. போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காக 2025 மார்ச்சில் பிரிட்டன் அந்தத் தளபதி உட்பட நால்வருக்குப் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது.

வெளியிலிருந்து வரும் அழுத்தமும் உதவியும் பலன் தரும் என்பதையே வேறு நாடுகளின் அனுபவமும் சொல்கிறது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நடந்தபோது, 1977 ஏப்ரலில் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் தாய்மார் கூடத் தொடங்கினார்கள். ஆட்சி வீழ்ந்த பிறகு வெளிநாட்டு நிபுணர்களின் உதவியோடு அங்கே தடயவியல் குழு உருவானது. மரபணு வங்கி வந்தது. ராணுவ ஆட்சியில் பெற்றோரிடமிருந்து களவாடப்பட்ட 130-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிற்காலத்தில் அடையாளம் காணப்பட்டார்கள். சிரியாவில் ஒரு தந்தையும் மகனும் காணாமல் ஆக்கப்பட்டுக் கொல்லப்பட்டதற்காக, மூன்று உயரதிகாரிகளுக்கு 2024 மே மாதம் பாரிஸ் நீதிமன்றம் அவர்கள் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதித்தது. சிரியாவில் காணாமல் போனவர்களைத் தேட 2023-இல் ஐ.நா. பொதுச்சபை தனி அமைப்பையே ஏற்படுத்தியது.

இலங்கை தொடர்பாகவும் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021-இல் தொடங்கிவைத்தது. அந்தச் சான்றுகள் கோப்புகளில் உறங்கக் கூடாது. சந்தேக நபர்கள் தங்கள் மண்ணில் கால்வைத்தால் வழக்குத் தொடர உறுப்பு நாடுகள் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். செம்மணி போன்ற புதைகுழிகளை அகழவும் மரபணுச் சோதனை நடத்தவும் சர்வதேச நிபுணர்களும் நிதியும் தேவை. தாய்மார் முதுமையடைகிறார்கள், அவர்களின் ரத்த மாதிரிகளையாவது இப்போதே சேகரித்துவைக்க வேண்டும்.

இந்தியாவின் கடமை

இந்தியா இந்த உடன்படிக்கையில் 2007 பிப்ரவரி 6 அன்று, முதல் நாளிலேயே கையெழுத்திட்டது. இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. நம் குற்றவியல் சட்டத்தில் காணாமல் ஆக்குதல் தனிக் குற்றமாகவும் இல்லை. பஞ்சாபில் காவல் துறையினர் ரகசியமாக எரித்த உடல்களைப் பற்றிய சான்றுகளைத் திரட்டிய ஜஸ்வந்த் சிங் கால்ரா 1995-இல் காணாமல் ஆக்கப்பட்டார். அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று மயானங்களில் மட்டும் 2,097 உடல்கள் எரிக்கப்பட்டதை சிபிஐ விசாரணை உறுதிசெய்தது. கால்ராவைக் கடத்திக் கொன்ற காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோரின் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. அண்டை நாடான வங்கதேசம் 2024 ஆகஸ்டில் இந்த உடன்படிக்கையில் இணைந்துவிட்டது.

தன் நாட்டில் ஏற்காத ஒன்றை அண்டை நாட்டிடம் வலியுறுத்த டெல்லிக்குத் தகுதி வராது. தமிழகத்தின் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் ஈழத் தாய்மாருக்காகப் பேசும்போது, இந்தியா ஒப்புதல் அளிக்கும் நாள் எது என்ற கேள்வியையும் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்புமாறு அவர்களை வலியுறுத்துவது வாக்களித்த நம் பொறுப்பு.