உறைமண்ணைக் குளிர்விக்கும் இருப்புப்பாதை

சீனாவின் கோல்முட் நகரிலிருந்து லாசாவுக்குச் செல்லும் 1,142 கிலோமீட்டர் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் நிரந்தர உறைமண்ணைக் கடந்து செல்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்கு மேல் ஏறாத நிலமே நிரந்தர உறைமண் எனப்படுகிறது. உறைந்திருக்கும்வரை பெரும்பாரத்தையும் தாங்கி நிற்கும் இம்மண், உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகி நீராய் வடிந்ததும் அமிழ்ந்து, மேலுள்ள தண்டவாளத்தையும் கோணலாக்கிவிடும்.

மண் உறையும்போதும் தொல்லை உண்டு. நீர் உறைந்து விரிவதாலேயே நிலம் வீங்குகிறது என்று பொதுவாக எண்ணப்பட்டுவந்த காலத்தில், அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் நீருக்குப் பதிலாக, உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்து, அப்போதும் மண் மேலெழுவதைக் கண்டார். கீழிருந்து நுண்துளைகள் வழியே உறிஞ்சப்படும் நீர், உறையும் இடத்தில் அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாய்ச் சேர்வதே வீக்கத்தின் முதன்மைக் காரணம் என்பதை 1930ஆம் ஆண்டளவில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் நிறுவின. இத்துறையில் இத்தனை எளிமையும் தெளிவும் வாய்ந்த சோதனைகள் அரிது.

இருப்புப்பாதை செல்லும் திபெத்திய மேட்டுநிலத்தின் சிக்கல் இன்னும் நுட்பமானது. பாதையிலுள்ள உறைமண்ணில் ஏறத்தாழ பாதியின் வெப்பநிலை 0 பாகைக்கும் -1 பாகைக்கும் இடைப்பட்டதாதலால், சிறிது வெப்பம் கூடினாலும் அது உருகத் தொடங்கும். தண்டவாளத்தைத் தாங்கும் மண்கரையை உயர்த்துவதும் அதில் வெப்பம் கடத்தாப் பலகைகளைப் பதிப்பதும் உருகுதலைத் தள்ளிப்போடுமேயன்றி நிறுத்தா. ஆகவே, வெப்பத்தைத் தடுப்பதோடு நில்லாமல் கரையின் அடிமண்ணையே குளிர்விக்க வேண்டும் என்று லான்சோ நகரின் உறைமண் ஆய்வாளர் செங் குவோதொங் வலியுறுத்தினார்.

அதற்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கரையினுள் பெரிய உடைகற்களை இடைவெளியுடன் அடுக்கினால், குளிர்காலத்தில் மேலுள்ள கனத்த குளிர்காற்று கீழிறங்க, அடியிலுள்ள வெதுவெதுப்பான காற்று மேலேறி மண்ணின் வெப்பத்தை வெளியேற்றுகிறது. கோடையிலோ இலேசான வெப்பக்காற்று மேலேயே தங்கிவிடுவதால் அச்சுழற்சி நின்று, கல்லடுக்கு காப்புறையாகிவிடுகிறது. சில இடங்களில் அம்மோனியா அடைத்த குழாய்கள் இதே பணியைச் செய்கின்றன. பனிக்கட்டி மிகுந்து, மண் நிலையற்றிருந்த பகுதிகளில் தரையை விட்டு உயர்த்திப் பாலங்களின்மீது பாதை அமைக்கப்பட்டது.

2006 ஜூலை 1 அன்று இப்பாதை திறக்கப்பட்டது. வெயில் படும் பக்கச்சரிவு நிழற்பக்கத்தைவிட விரைவில் சூடேறி, கரை ஒருபுறம் சாயக்கூடும் என்பதால், அப்பக்கத்தில் கல்லடுக்கைக் கூடுதல் தடிமனாக அமைக்கும் முறையையும் ஆய்வாளர்கள் வகுத்தனர்.