பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் முடக்கி வச்ச ரிமோட் வசதி: செலவில்லாமல் திரும்பக் கொண்டு வரலாமா?



ஆபீஸ்ல கழிச்சுவிட்ட டெஸ்க்டாப்பை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, கடையில் பில் போட வச்சிருக்கீங்களா? விண்டோஸ் ஓப்பன் ஆகலைன்னா ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிடணும். ஒரு விசிட்டுக்கு 400 ரூபாய்னு வச்சுக்கிட்டா, வருஷத்துக்கு ஆறு தடவைக்கு 2,400 ரூபாய். இதைக் குறைக்கிற ஒரு வசதி அந்த மெஷினுக்குள்ளேயே தூங்கிக்கிட்டு இருக்கலாம்.

அது என்ன வசதி?

இன்டெல் சிப்செட்டுக்குள் மேனேஜ்மென்ட் எஞ்சின்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் தனியா ஓடுது. வி-ப்ரோ மாடல்களில் இதோட சேர்த்து ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜியும் வரும். விண்டோஸ் படுத்துட்டாலும், மெஷின் ஆஃப்ல இருந்தாலும், வேற கம்ப்யூட்டரில் இருந்து அதை ஆன் பண்ணலாம், பயாஸ் திரையையே பார்க்கலாம்.

உங்க மெஷினில் இது இருக்கா?

புராசஸர், சிப்செட், போர்டில் உள்ள நெட்வொர்க் சிப் மூணுமே சப்போர்ட் பண்ணணும். ஐ5-6500க்கு வி-ப்ரோ உண்டு, ஐ5-6400க்கு இல்லை. சிப்செட் கியூ77, கியூ87, கியூ170 மாதிரி இருக்கணும். திரையைப் பார்க்க புராசஸரோட சொந்த கிராஃபிக்ஸ் வேணும். இதெல்லாம் இல்லைன்னா எந்த செட்டிங் மாத்தினாலும் வராது. அங்கேயே நிறுத்திடுங்க.

எந்த இடத்தில் முடக்கியிருக்காங்க?

1. செட்டிங்கில்: பயாஸுக்குள் போய் மேனேஜ்மென்ட் எஞ்சின் சம்பந்தமான ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. ரீஸ்டார்ட் ஆகும்போது கன்ட்ரோல் + பி அழுத்துங்க. டெல் ஆப்டிப்ளெக்ஸில் எஃப்12 மெனுவிலும் வரும். முதல் பாஸ்வேர்டு பொதுவா admin-ங்கிற ஆங்கில வார்த்தையோட எழுத்துகள்தான், அதாவது ‘அட்மின்’. உள்ளே போனதும் புதுசு மாத்தச் சொல்லும். செலவு: பூஜ்யம்.

2. பழைய ஓனரோட பாஸ்வேர்டு அல்லது ஜம்பர்: பவர் கேபிளைக் கழட்டிட்டு, போர்டில் உள்ள பட்டன் பேட்டரியைச் சில நிமிஷம் எடுத்து வச்சா பல போர்டுகளில் பழைய பாஸ்வேர்டு போயிடும். சர்வீஸ் ஜம்பர் மாட்டியபடியே விட்டிருந்தாலும் எஞ்சின் ஓடாது. மேனுவலைப் பார்த்துப் பழைய இடத்துக்கே மாத்துங்க. செலவு: அதிகபட்சம் ஒரு பேட்டரி.

3. ஃபேக்டரியிலேயே அல்லது சிப்பிலேயே: சில கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கும்போதே இந்த வசதி வேண்டாம்னு வாங்குவாங்க. டெல் சர்வீஸ் டேக் போட்டுத் தேடினா ஒரிஜினல் கான்ஃபிகரேஷனில் தெரியும். சிலர் ஃபர்ம்வேரையே சிப்பிலிருந்து அழிச்சிருப்பாங்க. இதைச் சரி பண்ண புரோகிராமர் கருவியில் சிப்பை மறுபடி எழுதணும். வேற மெஷினோட ஃபைலை அப்படியே போட்டா, அதோட நெட்வொர்க் முகவரியும் சீரியல் நம்பரும் உங்க மெஷினுக்கு வந்துடும். தப்பினா போர்டே காலி. என் கருத்து: மிச்சப்படுத்த வந்துட்டு மெஷினையே பணயம் வைக்காதீங்க. அப்படியும் செய்யணும்னா, முதல்ல உங்க சிப்பை முழுசா பேக்கப் எடுங்க.

ஆன் ஆனதும் இதைக் கண்டிப்பா செய்யுங்க

2017 மே மாசம் இந்த வசதியில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிஞ்சது. பாஸ்வேர்டே தெரியாம உள்ளே நுழைய முடிஞ்சது. பாதிப்பு 6-ல இருந்து 11.6 வரைக்குமான ஃபர்ம்வேர் பதிப்புகளுக்கு. பழைய மெஷின்கள் இந்த வரிசையில்தான் வரும். அதனால நெட்வொர்க் வசதியை ஆன் பண்றதுக்கு முன்னாடி, மெஷின் தயாரிச்ச கம்பெனி வெப்சைட்டில் இருந்து பயாஸ், ஃபர்ம்வேர் அப்டேட் ரெண்டையும் போடுங்க. ரவுட்டரில் 16992, 16993 போர்ட்களை வெளியே திறந்து விடாதீங்க. வீட்டிலிருந்து கடை மெஷினைப் பார்க்கணும்னா வி.பி.என் வழியா போங்க. பில்லிங் டேட்டா உங்க பணம் மாதிரி.

இன்னொரு விஷயம்: ராத்திரி சுவர் சுவிட்ச்சை அணைச்சுட்டா இந்த வசதி வேலை செய்யாது. ஸ்டாண்ட்பைக்கு 3 வாட்ஸ்னு வச்சுக்கிட்டா, மாசத்துக்கு 2 யூனிட் கொஞ்சம் கூட வரும்.

முடிவா...

முதல் ரெண்டு வகைன்னா ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் ஒதுக்குங்க. மூணாவதுன்னா விட்டுடுங்க. விண்டோஸ் ஒழுங்கா ஓடுற கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும்னா சாதாரண ரிமோட் சாஃப்ட்வேரே போதும்.

புது கம்ப்யூட்டருக்குக் காசு எடுக்குறதுக்கு முன்னாடி, இருக்கிற மெஷினை ஒரு தடவை ஆராய்ஞ்சு பாருங்க.