பாலைவனத்தில் 30 பேருக்கு ஸ்லோ குக்கர் சமையல்: பாதி ராத்திரியில் கரண்ட் போனால் என்ன செய்யணும்?

நவம்பர் தொடங்கி மார்ச் வரை வளைகுடா நாடுகளில் பாலைவன கேம்பிங் சீசன். வெயில் தணிந்ததும் துபாய், ஷார்ஜா, ரியாத், குவைத் பக்கமெல்லாம் வார விடுமுறைக்கு கார்கள் மணல்மேடுகளைப் பார்த்துக் கிளம்பிவிடும். அங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் நாலைந்து கார்களில் சேர்ந்து போவதுண்டு.

போகும்போது ஜாலிதான். ஆனால் 30 பேருக்கு யார் சமைப்பது? அடுப்பைக் காற்று அணைக்கும், குழம்பில் மணல் விழும், ரெண்டு பேர் கடைசி வரை கரண்டியோடு நின்றுகொண்டே இருக்கணும். இதற்கு ஒரு வழிதான் ஸ்லோ குக்கர். மூடி வைத்துவிட்டால் கிளற வேண்டாம், மணலும் விழாது. சமையலைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஆனால் கரண்டைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். சாப்பாடு பாதுகாப்பானதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

ஸ்லோ குக்கர் எப்படி வேலை செய்கிறது?

கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி மின்சார ஹீட்டர், மேலே மூடி. அவ்வளவுதான். பிரஷர் குக்கர் போல விசில், அழுத்தம் எதுவும் கிடையாது. கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே வைத்து, 'ஹை' என்றால் சுமார் 4 மணி நேரம், 'லோ' என்றால் சுமார் 8 மணி நேரம் வேகவிடும். கெட்டியான மட்டன் துண்டுகூட பஞ்சு மாதிரி வெந்துவிடும். நீராவி வெளியே போகாததால் தண்ணீர் வற்றாது. வீட்டில் ஊற்றுவதைவிடக் குறைவாக ஊற்றினால் போதும்.

30 பேருக்கு எத்தனை குக்கர்? எவ்வளவு கரண்ட்?

6 லிட்டர் குக்கரை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்பணும். அப்படியென்றால் 4 லிட்டர். ஒருவருக்கு 350 மில்லி என்று வைத்தால் 11 பேருக்கு வரும். 30 பேருக்கு மூன்று குக்கர் வேண்டும்.

இந்த அளவு குக்கர் ஒன்று சுமார் 250 வாட் இழுக்கும் என்று கணக்கு வைத்தால், மூன்றுக்கும் 750 வாட். 8 மணி நேரத்துக்கு 6 யூனிட். இதை எங்கிருந்து எடுப்பது?

கார் பேட்டரி: 12 வோல்ட், 60 ஆம்பியர் பேட்டரியில் இருப்பதே 0.72 யூனிட்தான். மூன்று குக்கருக்கு ஒரு மணி நேரம்கூட தாங்காது. காலையில் காரும் ஸ்டார்ட் ஆகாது.

பவர் ஸ்டேஷன்: 1 யூனிட் கொள்ளளவு உள்ளது ஒரு குக்கரை 4 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓட்டும்.

ஜெனரேட்டர்: 2,000 வாட் ஜெனரேட்டருக்கு 750 வாட் சாதாரண லோடு. ஆனால் டேங்க் சிறியது என்றால் சில மணி நேரத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும். கேன் கையில் இருக்கணும். இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகுதான் பெட்ரோல் ஊற்றணும்.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடி விடாமல் முழுசாக விரித்துப் போடணும். சுருட்டி வைத்த வயர் சூடாகி உருகலாம். குக்கரை மணல்மேல் வைக்காமல் பலகைமேல், காற்று அடிக்காத பக்கமாக வைப்பது நல்லது.

மெதுவாக வேகுவதில் என்ன ஆபத்து?

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். சமைக்காத இறைச்சி, சமைத்த உணவு எதுவுமே இந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு.

ஸ்லோ குக்கர் மெதுவாகத்தான் சூடேறும். அதில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை அப்படியே போட்டால், நடுப்பகுதி ரொம்ப நேரம் இந்த அபாய நிலையிலேயே கிடக்கும். அதனால்தான் இந்த விதிகள்:

• கறியை வீட்டு ஃப்ரிட்ஜிலேயே முழுசாக உருக வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போகணும்.
• குக்கரை முதலில் சூடாக்கிவிட்டு, முதல் ஒரு மணி நேரம் 'ஹை'யில் வைக்கணும். பிறகு 'லோ'வுக்கு மாற்றலாம்.
• உருளைக்கிழங்கு, கேரட் கறியைவிட மெதுவாக வேகும். அவை அடியில் இருக்கட்டும்.
• சும்மா சும்மா மூடியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறந்தாலும் சமையல் நேரம் 20 நிமிடம் வரை கூடும்.
• சிக்கன் உள்ளே 74 டிகிரியைத் தொட்டிருக்கணும். சின்ன தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

கரண்ட் போய்விட்டால்?

ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ஜெனரேட்டர் நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி வேகவைத்துவிடலாம். முழுசாக வெந்த பிறகு நின்றது என்றால், மூடிய குக்கரில் 2 மணி நேரம் வரை வைத்துச் சாப்பிடலாம்.

எல்லோரும் தூங்கும்போது நின்று, எப்போது நின்றது என்றே தெரியவில்லை என்றால்? பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும், கை வைத்தால் சூடாக இருந்தாலும், கொட்டிவிடுவதே சரி என்கிறது அமெரிக்க வேளாண் துறை. 'இன்னொரு தடவை கொதிக்க வச்சா போச்சு' என்பது இங்கே செல்லாது. சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, கொதித்தாலும் அழியாது. மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இடத்தில் 30 பேருக்கு வாந்தி, பேதி என்றால் நிலைமை என்ன ஆகும்?

ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதைவிட, காலை 10 மணிக்குப் போட்டு மாலை 6, 7 மணிக்குச் சாப்பிடுவது நல்லது. பகல் முழுக்க யாராவது ஒருவர் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

ராஜ்மா போடலாமா?

பச்சையாகப் போடவே கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற இயற்கை நச்சு இருக்கிறது. நாலைந்து பயறு சரியாக வேகாமல் வயிற்றுக்குள் போனாலே வாந்தி எடுக்க வைக்கும். ஸ்லோ குக்கர் சூடு இதை அழிக்காது. வீட்டிலேயே குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து எடுத்துப் போகணும்.

எதைச் சமைக்கலாம்?

மட்டன் குழம்பு, தால்சா, சிக்கன் கறி மூன்றுமே நன்றாக வரும். தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணி நேரத்தில் ஊற்றினால் திரியாது. உள்ளூர் உணவு வேண்டுமென்றால் ஹரீஸ். ஊறவைத்த கோதுமையும் கறியும் உப்பும் மட்டும் போட்டு, வெந்ததும் மசித்து, மேலே நெய் விடுவார்கள். அமீரகம், ஓமன், சவுதி நாடுகளின் இந்த உணவு 2023-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

சோறு இதில் குழைந்துவிடும். பேசாமல் குப்பூஸ் வாங்கிக்கொண்டு போவதுதான் சுலபம்.

கரண்டே இல்லாத காலத்தில்?

ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் பெடூயின்கள் செய்யும் 'ஸர்ப்' இதற்குப் பதில். மணலில் குழி தோண்டி, உள்ளே இரும்பு டிரம் இறக்கி, விறகு எரிந்து தணலாகும் வரை காத்திருப்பார்கள். பிறகு கறியையும் காய்கறியையும் அடுக்குத் தட்டில் வைத்து இறக்கி, மூடி, மேலே கம்பளியும் மணலும் போட்டு மூடிவிடுவார்கள். ரெண்டு, மூன்று மணி நேரத்தில் ஒரு கூட்டத்துக்கே சாப்பாடு தயார். முதலில் சூடு, அப்புறம்தான் கறி என்பதால், அபாய வெப்பநிலையில் கறி அதிக நேரம் கிடப்பதில்லை.

டென்ட்டுக்குள் இவை வேண்டாம்

குளிர்கால ராத்திரியில் பாலைவனம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கலாம். குளிருக்காக மீதமுள்ள கரித்தணலை டென்ட்டுக்குள் எடுத்துப்போவது உயிரையே பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். ஜெனரேட்டர் புகையிலும் இதே வாயுதான். அதை டென்ட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வைக்கணும். தூங்கப் போகும் முன் தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடணும். மேலே மணலை மட்டும் போட்டால் உள்ளே சூடு அப்படியே இருக்கும். காலையில் ஓடி விளையாடும் குழந்தைகள் தெரியாமல் அதில் காலை வைத்துவிடலாம்.