சாரதி காணாத இடம்

உயரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது பொதுவான எண்ணம். மரத்தின் உச்சியில் ஏறியவன் ஊரைக் காண்கிறான். கோபுரத்தின் மேல் நிற்பவன் கடலைக் காண்கிறான். அவ்வாறே, பெரிய லொறியின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் சாரதியும் வீதியிலுள்ள யாவற்றையும் காண்பான் என்று துவிச்சக்கர வண்டியில் செல்வோர் நம்புகின்றனர். தூரத்துப் பொருள்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை உண்மையே. ஆனால், அண்மையிலுள்ள பொருள்களைப் பொறுத்தவரை இது பிழை. உயிரைக் குடிக்கும் பிழை.

மாடி வீட்டு விறாந்தையில் நின்று இதனை எவரும் சோதித்தறியலாம். கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று கீழே நோக்கினால், வாசற்படியில் நிற்பவரின் தலை தெரியும். நாலடி பின்வாங்கி நின்று நோக்கினால் அவர் மறைந்துவிடுவார். எதிர்ப்புறத்து மரமும் கூரையுமே தெரியும். அவர் எங்கும் சென்றுவிடவில்லை. சுவரின் விளிம்பு பார்வையைத் தடுத்துவிட்டது. லொறியின் கதவும் இத்தகைய கைப்பிடிச் சுவரே ஆகும்.

பெரிய லொறிகள் பலவற்றில் இயந்திரம் சாரதியின் அறைக்குக் கீழே அமைந்திருக்கிறது. ஆகவே ஆசனம் மிக உயர்ந்துவிடுகிறது. சாரதியின் கண் நிலத்திலிருந்து 2.5 மீற்றர் உயரத்திலும், கதவின் கண்ணாடி யன்னலின் கீழ்விளிம்பு 2 மீற்றர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். பிரித்தானியாவிலும் இலங்கையிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. சாரதி வலப்பக்கத்தில் அமர்கின்றார். எனவே இடப்புற யன்னல் அவருடைய கண்ணிலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் தள்ளி இருக்கிறது. அந்த 2 மீற்றர் தூரத்தில் பார்வைக்கோடு அரை மீற்றரே கீழிறங்குகின்றது. அதே சரிவில் அது மேலும் இறங்கி, சைக்கிளோட்டியின் தலை உயரமான 1.6 மீற்றரை அடைவதற்கு, லொறிக்கு வெளியே இன்னும் 1.6 மீற்றர் செல்ல வேண்டும். அந்த இடைவெளிக்குள் செல்பவரின் தலைமயிர்கூட யன்னல் வழியாகத் தெரியாது. வலப்புறத்திலோ யன்னல் சாரதியின் தோளருகே, அரை மீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஆகையால் அங்கு மறையும் இடைவெளி 0.4 மீற்றர் மாத்திரமே. ஒரே லொறியின் இரு பக்கங்களுக்கும் இடையே இத்துணை வேற்றுமை உண்டு. வீதியோரமாகச் செல்லும் சைக்கிள், மறைவு மிகுந்த அந்த இடப்புறத்திலேயே அகப்படுகின்றது.

சாரதியின் முன்னேயும் இத்தகைய மறைவு உண்டு. லொறியின் முகப்பை ஒட்டி நிற்பவர், முன்கண்ணாடியின் கீழ்விளிம்புக்கு அடியில் மறைந்துவிடுவார். கட்டட வேலைக்குக் கல்லும் மண்ணும் ஏற்றும் லொறிகள், மேடுபள்ளமான நிலத்திலும் ஓட வேண்டியிருப்பதால் இன்னும் உயரமாகச் செய்யப்படுகின்றன. அவற்றில் மறைவிடமும் அதற்கேற்பப் பெருகுகின்றது.

அப்படியாயின் கண்ணாடிகள் எதற்கு என்ற கேள்வி எழும். கண்ணாடிகள் பயனுள்ளவையே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2000 ஆம் ஆண்டு தொடக்கம் பதிவான பாரவூர்திகளுக்கு, பக்கத்து மறைவிடத்தைக் காட்டும் திருத்தமான கண்ணாடிகளை 2009 மார்ச் 31 க்குள் பொருத்த வேண்டுமெனச் சட்டம் விதிக்கப்பட்டது. ஆயினும், பரந்த இடத்தைக் காட்டும் குவிவாடி உருவத்தைச் சிறிதாக்கியே காட்டும். மேலும், சாரதி ஒரு கண்ணாடியை நோக்கும்போது மற்றையவற்றை நோக்க முடியாது. ஐந்தாறு கண்ணாடிகளைப் பார்த்து முடிப்பதற்குள், முதலிற் பார்த்த இடத்தில் ஒரு சைக்கிள் வந்து சேர்ந்துவிடலாம். யன்னல் வழியாக நேரே காண்பதிலும் பார்க்க, கண்ணாடியிலோ திரையிலோ கண்டு செயற்படுவதற்குச் சராசரி 0.7 விநாடி கூடுதலாகச் செல்கிறது என்று லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு கண்டறிந்தது. மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் லொறி, அந்த 0.7 விநாடியில் 4 மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். அது இரண்டு சைக்கிள்களின் நீளத்திலும் அதிகம்.

மறைவிடம் மட்டும் கொல்வதில்லை. அதனோடு திருப்பமும் சேரும்போதே ஆபத்து முதிர்கின்றது. லொறி திரும்பும்போது அதன் பின்சில்லுகள் முன்சில்லுகள் சென்ற தடத்தில் செல்வதில்லை. உட்புறமாகக் குறுக்கே வருகின்றன. முன்னச்சின் நடுப்புள்ளி 10 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் செல்கிறது என்றும், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 6 மீற்றர் தூரம் என்றும் கொண்டால், பின்னச்சு 8 மீற்றர் ஆரையுள்ள வட்டத்திலேயே செல்லும். செங்கோண முக்கோணக் கணக்கை அறிந்த மாணவர் இதனை எளிதிற் காண்பர். முகப்பு சென்ற வழியிலிருந்து 2 மீற்றர் உட்புறமாகப் பின்சில்லு வந்துவிடுகிறது. முகப்பு தன்னைக் கடந்து சென்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்து நிற்பவரின் மேல் அது ஏறுகின்றது.

இதனை அறிந்த சாரதி, ஒடுங்கிய சந்தியில் இடப்பக்கம் திரும்புமுன் லொறியை முதலிற் சற்று வலப்பக்கமாகச் செலுத்துவார். பின்னால் வரும் சைக்கிளோட்டி அதனை வேறாகப் பொருள்கொள்கிறார். லொறி வலப்புறம் போகிறது, இடப்புறத்தில் வழி விட்டிருக்கிறார்கள் என்று எண்ணி அவர் உள்ளே நுழைகின்றார். அந்த வழி சில விநாடிகளில் மூடிக்கொள்ளும் வழியாகும். ஒருபுறம் வீதியோரக் கல்வரம்பு. மறுபுறம் நெருங்கி வரும் இரும்புச் சுவர். வேகம் குறைந்திருந்தும் இத்தகைய விபத்துக்கள் உயிரைக் கொள்வதன் காரணம் இதுவே.

இலண்டன் மாநகரம் இப்பாடத்தைப் பல உயிர்களை இழந்து கற்றது. 2015 முதல் 2017 வரையான காலத்தில், அங்கு பாரவூர்திகள் ஓடிய தூரம் எல்லா வாகனங்களும் ஓடிய மொத்தத் தூரத்தில் நூற்றுக்கு 4 பங்கே. ஆனால், சைக்கிளோட்டிகள் உயிரிழந்த விபத்துக்களில் நூற்றுக்கு 63 பங்கில் அவை சம்பந்தப்பட்டிருந்தன. 2015 செப்ரெம்பர் 1 ஆம் திகதி முதல், 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள், முன்புறத்தையும் பக்கத்தையும் காட்டும் கண்ணாடிகளும், ஆட்கள் சில்லின் கீழ் விழாது தடுக்கும் பக்கக் காப்புச் சட்டங்களும் இன்றி மாநகருக்குள் வரலாகாது என்று விதிக்கப்பட்டது. பின்னர், சாரதி நேரே எவ்வளவு காண்கிறார் என்பதை அளந்து, 12 தொன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லொறிக்கும் பூச்சியம் முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை வந்தது. 2021 மார்ச் 1 முதல் அவ்விதி நடைமுறைப்படுத்தப்பட்டது. 2024 ஒக்ரோபர் 28 முதல் குறைந்த அளவு மூன்று நட்சத்திரமாக உயர்த்தப்பட்டது. அந்த அளவை எட்டாத லொறிகள், கமெரா, அருகில் ஆள் இருப்பதை உணர்த்தும் கருவி முதலியவற்றைப் பொருத்தியே உட்புக முடியும்.

இம்முறையின் உட்கருத்து ஆழமானது. பல ஆண்டுகளாகச் சைக்கிளோட்டியை நோக்கி, கவனமாக இரு என்றே உலகம் கூறிவந்தது. அது தகுந்த அறிவுரையே. ஆயினும், காண முடியாத அறைக்குள் ஒரு மனிதனை அமர்த்தி, அவனை ஜனநெருக்கமுள்ள வீதிக்கு அனுப்பியவர்கள் யார் என்ற கேள்வி அதனால் மறைந்துபோயிற்று. ஆசனத்தைத் தாழ்த்தி, முன்கண்ணாடியைப் பெரிதாக்கி, கதவின் கீழ்ப்பாதியிலும் கண்ணாடி பதித்தால், கண்ணோடு கண் பார்க்கும் லொறியைச் செய்யலாம். நகரக் குப்பை அள்ளும் வாகனங்கள் சில அவ்வாறே செய்யப்பட்டுள்ளன. விபத்தில் மாண்டவரின் குடும்பத்துக்கு அடுத்தபடியாக, காணாமலே ஓர் உயிரைக் கொன்றுவிட்டோமே என்று வாழ்நாளெல்லாம் வருந்துபவர் அச்சாரதியே. நல்ல லொறி அவ்விருவரையும் காக்கும்.

இலண்டன் பொலிசார் மற்றொரு வழியையும் கையாண்டனர். சைக்கிளோட்டிகளை அழைத்து, நிறுத்திவைத்த லொறியின் சாரதி ஆசனத்தில் அமரச் செய்தனர். தன் பக்கத்தில் நிற்கும் சைக்கிளைத் தன்னாலேயே காண முடியாமையை ஒருமுறை கண்டவர், லொறியின் இடப்புறத்தில் மீண்டும் நுழையத் துணியார்.

அத்தகைய லொறிகள் எங்கும் வரும்வரை, சைக்கிளோட்டிகள் சில நியதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். சந்தியில் நிற்கும் லொறியின் இடப்புறமாக முன்னேறலாகாது. அதன் பின்னே, போதிய தூரம் விட்டுக் காத்திருத்தல் நன்று. லொறியின் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரியாவிடின், சாரதிக்கும் தம்மைத் தெரியாது என்று கொள்ளல் வேண்டும். முகம் தெரிந்தாலும், அவர் அக்கணத்தில் அங்கு நோக்குகிறார் என்பது நிச்சயமன்று. முன்னே சென்று நிற்க நேர்ந்தால், முகப்பை ஒட்டி நில்லாது, சாரதியின் கண்ணிற்படும்படி நன்கு தள்ளி நிற்றல் வேண்டும். லொறி தாமே வந்து பக்கத்தில் நின்றால், போட்டியிடாது பின்தங்குக. இடமிருப்பின் இறங்கி வீதியோரம் ஏறுக. திரும்புவதற்கான சமிக்ஞை விளக்கு எரியவில்லை என்பதால் லொறி திரும்பாது என்று எண்ணலும் ஆகாது.

சாரதிகளுக்கும் கடமை உண்டு. சமிக்ஞையை முன்கூட்டியே காட்டுதல், புறப்படுமுன் கண்ணாடிகளை மீண்டும் ஒருமுறை நோக்குதல், திருப்பத்தில் மெல்ல ஊர்தல் ஆகியன உயிர் காக்கும் பழக்கங்கள். லொறி உரிமையாளர்கள் உடைந்த கண்ணாடியுடன் வாகனத்தை வீதிக்கு அனுப்பலாகாது. பாடசாலைக்குச் சைக்கிளில் செல்லும் பிள்ளைகளுக்கு, நிறுத்திவைத்த ஒரு லொறியைச் சுற்றி அழைத்துச் சென்று, எந்த இடம் மறைவானது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் நேரிற் காட்டுவாராயின், அரை மணி நேரத்தில் கற்ற அப்பாடம் ஆயுள் முழுவதும் துணைநிற்கும்.

வீதியில் ஒருவரைக் காண்பதும், அவரால் காணப்படுவதும் வெவ்வேறு. பெரிய வாகனத்தைச் சைக்கிளோட்டி காண்கிறார் என்பதற்காக, அவ்வாகனம் அவரைக் காண்கிறது என்று கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஒரு நிமிடம் பின்னே காத்திருப்பவர், தாம் செல்லவேண்டிய இடத்துக்கு ஒரு நிமிடம் பிந்தியே சேர்வார், ஆயினும் சேர்வார்.